தெருவுக்குக் கொடியாக நின்றவள்

சங்குக்குளித் தெரு பதினேழாம் நம்பர் வீட்டுச் சந்திரபுஷ்பத்தின் தலையிலிருந்து நரம்புகள் வெளியே வந்தது ஒரு புதன்கிழமை காலையில். தூத்துக்குடியில் அந்தப் பக்கத்துக்குப் புதன்கிழமைதான் தண்ணீர் வரும் என்பதால் தெருவே குடத்தோடு வெளியில் நின்றது, நின்றதால் எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தும் ஒருவர்கூட வரிசையை விட்டு நகரவில்லை, ஏனென்றால் எட்டரை மணிக்குக் குழாய் நின்றுவிடும்.

முதல் நரம்பு வலது நெற்றிப்பொட்டிலிருந்து வந்தது. தூண்டில்காரர்கள் கையில் சுற்றி வைத்திருக்கும் நைலான் நரம்பு எப்படி இருக்குமோ அப்படியே, வெயில் பட்டால் மட்டும் ஒரு கோடாகத் தெரிகிற மாதிரி, மெல்லிசாக வந்தது. அது கொஞ்ச நேரம் காற்றில் அலைந்து, பிறகு வழி தெரிந்ததுபோல் தெருவைக் குறுக்கே கடந்து, பகலிலும் அணைக்காமல் எரிகிற டீக்கடை டியூப்லைட்டில் போய்ச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி மாடிவீட்டு ராஜகனி அக்காவின் குக்கரைத் தேடி ஜன்னல் வழியே உள்ளே போனது. மூன்றாவது பிடரியிலிருந்து புறப்பட்டுத் தெருமுனைக் கம்பத்து ஒலிபெருக்கியைப் பிடித்தது. எதெல்லாம் பதினெட்டு வருஷமாக அவள் தலைக்குள் வந்து இடித்ததோ, அதையெல்லாம் தேடித்தான் நரம்புகள் போயின.

"ஏ புஷ்பம், ஒன் தலையில என்னமோ நூலு தொங்குதுட்டி," என்று சொல்லி, வரிசையில் பின்னால் நின்ற ராஜகனி அக்கா அதைப் பிடித்து இழுத்தாள்.

சந்திரபுஷ்பம் குடத்தை நழுவவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "இழுக்காதியக்கா. வலிக்கி."

"நூல இழுத்தா தல வலிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே ராஜகனி அக்கா உருண்டோடிய குடத்தை எடுத்துவந்து, கழுவி, தன் முறை வந்தபோது அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து, வீடுவரை தூக்கிவந்து வைத்தாள். ராஜகனி அக்கா நல்லவள். அந்தத் தெருவில் எல்லோருமே நல்லவர்கள். கஷ்டமே அதில்தான் இருந்தது.

சந்திரபுஷ்பத்துக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இருபத்தொன்றில் ஒரு பங்குனி வெயிலில் ஆரம்பித்த தலைவலி முதலில் மாதத்தில் இரண்டு நாள் வந்தது, பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்தது, பிறகு எந்த நாளில் வரவில்லை என்று யோசித்துப் பார்க்கிற அளவுக்கு வந்தது. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள், நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாள், கண்ணாடி மாற்றினாள், சைனஸ் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஆறு மாதம் மாத்திரை தின்றாள், பல்தான் காரணம் என்று இன்னொருவர் சொன்னதை நம்பி நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று முறை ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று முறையும் நார்மல். துறைமுகத்துப் பக்கம் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்த அவள் கணவன் சுயம்புலிங்கம் அந்தப் படங்களை உறை கசங்காமல் பீரோவின் மேல் அடுக்கிவைத்து, வருகிற சொந்தக்காரர்களிடம், "எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்," என்பான். நல்ல சேதியாக நினைத்துத்தான் சொல்வான். கேட்கிறவர்கள் சமையலறைப் பக்கம் திரும்பி அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டவள்போல் அவள் தலை குனிந்து காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

உப்பு பாக்கெட் போடுகிற கம்பெனி ஒன்றில் அவள் சூப்பர்வைசராக இருந்தவள். கை நிறைய உப்பை அள்ளிப் பொத்தித் திறந்தால் ஈரம் எவ்வளவு என்று மெஷினுக்கு முன்னால் சொல்லிவிடுவாள். ஆனால் உப்பு அம்பாரத்தின் மேல் பத்து மணி வெயில் அடித்தால் அந்த வெள்ளை அவள் கண் வழியாக உள்ளே போய் மண்டையைப் பிளக்கும். லீவு மேல் லீவு போட்டாள். "உடம்பப் பாத்துக்கிட்டு வாங்கம்மா," என்றார் மேனேஜர். எப்போது வரவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதோடு வேலை போனது.

ஆகவே நரம்புகள் வெளியே வந்த அன்று அவளுக்குப் பயம் வரவில்லை. வந்தது சந்தோஷம் என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அதுதான் வந்தது. சுயம்புலிங்கம் வேலை முடிந்து வந்து, வாசலில் குனிந்து, நரம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொடாமல் பார்த்துவிட்டு, "இனிமே ஒருத்தனும் ஒண்ணும் இல்லேன்னு சொல்ல முடியாதுல்லா," என்றான். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இனி நம்புவார்கள்.

நம்பவும் செய்தார்கள். நரம்புகளை நம்பினார்கள்.

பத்து நாளில் நரம்புகள் பதினொன்றாயின. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, இது எங்களுடையது இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மின்சார வாரியத்து லைன்மேன் டெஸ்டரை வைத்துப் பார்த்து, கரண்ட் இல்லை, தொடலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். தபால்காரர் குனிந்து போகப் பழகினார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எந்த நரம்பு தாழ்வு, எந்த நரம்பு உயரம் என்று பாடம்போல் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசினார்கள், அடுத்த வாரம் மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு ஒருநாள் ராஜகனி அக்கா, கைவேலையாக நின்றபோது தோளில் கிடந்த ஈரத்துண்டை யோசிக்காமல் காதோர நரம்பின் மேல் போட்டுவிட்டு, அரைமணி நேரம் கழித்து எடுக்க வந்தவள், எடுத்த துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபடி அப்படியே நின்றாள். கடற்காற்று அடிக்கிற ஊரில் துணி எவ்வளவு நேரம் காய்ந்தாலும் ஒரு பிசுபிசுப்பு போகாது. அது பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் பழகிப்போன பிசுபிசுப்பு. இந்தத் துண்டு அப்பளம்போல் மொரமொரவென்று இருந்தது, இஸ்திரி போட்ட சூட்டோடு இருந்தது. நரம்புகள் உள்ளே ஓடுகிற வலியால் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தன என்பது சந்திரபுஷ்பத்துக்குத் தெரியும். ராஜகனி அக்காவுக்கு, அவை வெதுவெதுப்பாக இருந்தன என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் நாலு வீட்டுத் துணி, அதற்கு மறுநாள் பன்னிரண்டு வீட்டுத் துணி, வார முடிவில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சேலையும் சட்டையும் பள்ளிக்கூட யூனிபார்மும் பிள்ளைத்துணியும் அவள் தலையிலிருந்து புறப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் கேபிள்காரர் வந்து, கம்பத்தில் இடம் இல்லை என்று தன் ஒயரை அதன் மேல் ஓடவிட்டார். அப்புறம் யாரோ நெத்திலி காயப்போட்டார்கள், அந்த வாடை நரம்பு வழியாகவே உள்ளே ஏறி அவளை வாந்தி எடுக்கவைத்தது. ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு இடத்தில் வலித்தது. ஈரப் போர்வை பிடரியில் வலித்தது, ஜீன்ஸ் கண்ணுக்குப் பின்னால் வலித்தது, சின்னப்பிள்ளை ஜட்டிகூடப் பொட்டில் ஓர் ஊசி குத்தலாக வலித்தது. கண்ணை மூடிக்கொண்டே யார் வீட்டில் இன்று துவைத்தார்கள் என்று அவளால் சொல்ல முடிந்தது.

அவள் அசைந்தால் துணி தரையில் புரண்டது. அதனால் தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக, "கொஞ்சம் அசையாம இருங்க மதினி, அரமணி நேரந்தான்," என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்தாள். காலையில் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிவரை.

வலிக்கிறது என்று அவள் சொல்லாமல் இல்லை. ராஜகனி அக்காவிடம் சொன்னாள். "அப்டியா, அந்தப் பக்கம் மாத்திப் போடுதேன்," என்று ராஜகனி அக்கா சேலையைக் காதிலிருந்து பிடரிக்கு மாற்றிப் போட்டாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐகோர்ட்துரையிடம் சொன்னாள். அவர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முறையாகச் செய்கிறவர். மறுநாளே ஒரு தகரப் பலகையில் பச்சை பெயிண்டால் எழுதி அவள் வீட்டுச் சுவரிலேயே மாட்டினார். ஜீன்ஸ், போர்வை, மெத்தைவிரிப்பு போடக்கூடாது. ஒரு நரம்புக்கு ஆறு உருப்படிக்கு மேல் கூடாது. கருவாடு அறவே கூடாது. மதியம் இரண்டு முதல் மூன்றுவரை நரம்புகளுக்கு ஓய்வு. மாட்டி முடித்து, நாலடி பின்னால் தள்ளிநின்று பார்த்து, "இப்போ திருப்திதானம்மா?" என்று கேட்டார். நரம்புகளுக்கு ஓய்வு என்று எழுதியிருந்ததை அவள் மூன்று முறை படித்தாள்.

சுயம்புலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "யாரக் கேட்டு விட்டிய?"

"எத?"

"துணி போடுறத."

"அக்கம்பக்கத்துல வந்து கேக்காங்க. எப்படி முடியாதுன்னு சொல்ல? சும்மாதான கெடக்கு."

"சும்மா கெடக்கா? அது என் தலைங்க."

"தலையில யாரு போட்டா? நரம்புலதான போடுதாவ." சொல்லிவிட்டு, தான் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் மோர் ஊற்றிக்கொண்டான். கெட்டவன் இல்லை. அன்று சாயங்காலம் வரும்போது அவளுக்குப் பிடித்த மக்ரூன் வாங்கிவந்தான். அவள் அதைத் தொடவில்லை. கையைப் பொத்திப் பொத்தித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையால் ஒரு தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தால் என்ன என்று நினைத்தாள். தட்டு விழும் சத்தம் தனக்குத்தான் வலிக்கும் என்று நினைத்து எறியாமல் இருந்தாள். கோபப்படுவதற்குக்கூட அந்தத் தலை விடவில்லை.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வலிக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது என்று பேப்பரில் படித்து, வைகாசி மாதத்தில் அவளே போன் செய்து நாள் வாங்கினாள். சங்கத்தில் சொல்லி, ஒருநாள் மட்டும் துணியெல்லாம் எடுக்கவைத்து, சுயம்புலிங்கத்தோடு பஸ் ஏறினாள். சுமை இல்லாவிட்டால் நரம்புகள் எவ்வளவு தூரம் போனாலும் நீண்டு கொடுத்தன. எட்டயபுரம் தாண்டி, அருப்புக்கோட்டை தாண்டி, கூடவே வந்தன.

காத்திருக்கிற அறையில் இன்னும் மூன்று பேருக்கு நரம்புகள் இருந்தன. ஒருவருடையது ஜன்னல் வழியே வெளியே போய் எங்கோ மறைந்தது. ஒரு பெண் தன்னுடையதைக் கொண்டையோடு சேர்த்துச் சுற்றிப் பின் குத்தியிருந்தாள். "எங்க ஊர்ல எனக்கு அருள் வந்திருக்குன்னு சொல்லிட்டாங்க," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமையானா வந்து விழுந்து கும்பிடுறாங்க. எந்திரிச்சுப் போங்கன்னா அத அருள்வாக்குன்னு எடுத்துக்கிறாங்க." இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். சிரித்தால் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

டாக்டர் நஸ்ரின் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசினார். அறைக்குள் அவள் நுழைந்ததும் முதலில் எழுந்துபோய் விளக்கை அணைத்தார், திரையை இழுத்துவிட்டார். பதினெட்டு வருஷத்தில் எந்த டாக்டரும் அதைச் செய்ததில்லை. பிறகு நரம்புகளைக் கதவில் சிக்காமல் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து, "மாசத்துல எத்தன நாளு தல தெளிவா இருக்கும்?" என்று கேட்டார்.

எத்தனை நாள் வலிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதற்குச் சொல்லிப் பழகியிருந்த பதில் இதற்குப் பொருந்தவில்லை. அவள் விரல்விட்டு எண்ணப் பார்த்தாள். ஒரு விரலை மடக்கினாள், யோசித்தாள், அந்த விரலையும் நிமிர்த்தினாள். பிறகு அழுதாள். சுயம்புலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் முக்கால் மணி நேரம் படுத்து, கண்ணை மூடி, எதையும் நினைக்காமல் இருக்கச் சொன்னார்கள். எதையும் நினைக்காமல் இருப்பது எப்படி என்று அவள் அவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். முடிந்து வந்ததும் டாக்டர் திரையில் காட்டினார். மூளைப் படத்தின் மேல் புள்ளிகளும், புள்ளிக்குப் புள்ளி கோடுகளும் இருந்தன.

"நாம சும்மா படுத்திருக்கும்போதும் மூளையில ஒவ்வொரு கூட்டமும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருக்கும்மா. வலியக் கவனிக்கிறதுக்குன்னு ஒரு கூட்டம், வெளிச்சம் சத்தத்த வாங்குறதுக்கு ஒரு கூட்டம், நம்மளப் பத்தியே யோசிக்கிறதுக்கு ஒரு கூட்டம். வருஷக்கணக்கா வலி இருக்கிறவங்களுக்கு இந்தக் கூட்டங்களுக்கு நடுவுல இருக்கிற தொடர்பு மாறிப்போகுது. ஒண்ணு பேசுறதுல இன்னொண்ணு நுழையுது. வலி இல்லாத நேரத்துலகூடப் பழையபடி ஆகுறதில்ல."

"அப்போ எனக்கு இருக்கிறது இதுல தெரியுதா?" என்றாள் சந்திரபுஷ்பம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இவங்க வீட்டுல காட்டலாமா?"

டாக்டர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "நூறு பேரச் சேத்து வச்சுப் பாத்தாதான் எங்களுக்கே வித்தியாசம் தெரியும். ஒரு ஆளோட படத்த வச்சு இவங்களுக்கு வலி இருக்கு, இவங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியாது. இது ஆராய்ச்சிக்குத்தான்."

சந்திரபுஷ்பம் எழுந்தாள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. நாலாவது படமும் தன் பக்கம் பேசவில்லை.

"உக்காருங்க," என்றார் டாக்டர். "உங்களுக்கு வைத்தியம் பண்ண எனக்குப் படம் வேண்டாம். நீங்க வலிக்குதுன்னு சொன்னதே போதும்."

அவள் உட்கார்ந்தாள்.

நெற்றி, பொட்டு, பிடரி, தோள் என்று முப்பத்தோரு இடத்தில் சின்னச் சின்ன ஊசி, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முழுசாகப் போகாது, ஆனால் பாதியாகக் குறையலாம். குறைந்தால் நரம்புகள் ஒவ்வொன்றாகப் பிடியை விடும். சிலருக்கு எதுவும் கேட்காமலும் போகலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். ஆடி மாதம் நாலாவது திங்கள்கிழமைக்கு நாள் கொடுத்தார். அதை விட்டால் ஐப்பசியில்தான் இடம் இருந்தது.

ஆடி நாலாவது செவ்வாய்க்கிழமைதான் சங்குக்குளித் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அந்த வருஷம் சங்கத்தில் கம்பம் நடாமல், சீரியல் லைட்டு முழுவதையும் நரம்புகளின் மேலேயே ஓடவிட்டிருந்தார்கள். பதினொரு நரம்பும் சிவப்பும் பச்சையுமாக மின்னி மின்னி அணைந்தன. அணைந்து எரிகிற வெளிச்சத்தைப்போல் அவளைக் கொல்வது வேறில்லை. ஒரு வாரமாக அவள் கண்ணில் துணி கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தார் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஐகோர்ட்துரையும் கேபிள்காரரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ராஜகனி அக்கா வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள்.

"வைத்தியம் பாக்க வேண்டாம்னு யாரும் சொல்லலம்மா," என்றார் ஐகோர்ட்துரை. "கொடை முடியட்டும்ங்கோம். நாளைக்கு நீங்க கெளம்பினா லைட்டெல்லாம் அவுக்கணும். அவுத்தா திரும்பக் கட்ட ஆளில்ல."

"அடுத்த நாளு ஐப்பசிலதான் குடுப்பாங்க," என்றாள் அவள்.

"பதினெட்டு வருஷம் பொறுத்தாச்சு. மூணு மாசம் பொறுக்கக் கூடாதா?"

கேபிள்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணும் யோசிக்கணும். சொகமாயிட்டா நரம்பு இருக்காதுங்காங்க. திடீர்னு எடுத்துட்டா தெருவுல நூத்திப்பத்து கனெக்சன் போயிரும். ஒரு மாற்று ஏற்பாடு பண்றவரைக்காவது..."

"வெறும் வயித்துல சீரகத்தண்ணி குடிச்சுப் பாத்தியாட்டி?" என்றாள் ராஜகனி அக்கா, உண்மையான அக்கறையோடு.

சந்திரபுஷ்பம் கண்கட்டை அவிழ்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். மதுரையில் தரையைப் பார்த்த மாதிரியே சுயம்புலிங்கம் இப்போதும் தரையைப் பார்த்துவிட்டு, "ஊரோட ஒத்துப்போறதுதான..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, வந்த வேலை நல்லபடியாக முடிந்த திருப்தியில் எழுந்து போனார்கள். போகும்போது ஐகோர்ட்துரை, நாளைக்கும் நாளைமறுநாளும் மட்டும் அசையாமல் இருந்தால் நல்லது என்றும், செயலாளர் உரையில் அவள் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்கப்போவதாகவும் சொன்னார்.

திங்கள்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் குளித்து, நீலச் சேலை கட்டி, பழைய மூன்று ஸ்கேன் படங்களையும் விட்டுவிட்டுப் பர்சை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். கொடைக்கு முந்தின நாள் என்பதால் தெருவில் எல்லா வீட்டிலும் துவைத்திருந்தார்கள். ஒரு நரம்புக்கு ஆறு உருப்படி என்கிற கணக்கை யாரும் பார்க்கவில்லை. அவள் இடது பக்கம் திரும்பி நடந்தாள். முதல் பத்து அடிக்கு எதுவும் ஆகவில்லை, நரம்புகள் தொய்விலிருந்து விறைப்புக்கு வந்தன, அவ்வளவுதான். பதினோராவது அடியில் தலையை நாலு பக்கமும் வண்டி கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. அவள் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றியை முன்னால் கொடுத்து நடந்தாள், காளைமாடு செக்கை இழுக்கிற மாதிரி நடந்தாள், வாந்தி வந்தபோது ஓரமாகக் குனிந்து எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் சேலைகள் தரையில் இறங்கின, சட்டைகள் புழுதியில் புரண்டன, சீரியல் லைட்டு சரம் சரமாக அறுந்து விழுந்து பட்டுப்பட்டென்று உடைந்தது, கேபிள் ஒயர் ஒவ்வொரு வீட்டு ஜன்னலாக உருவிக்கொண்டு வந்தது, வீடு வீடாக டிவி நின்றது. கொடைக்குக் கட்டிய வாழைமரம் ஒன்றும் கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

"புஷ்பம், நில்லுட்டி, நில்லு," என்று ராஜகனி அக்கா கத்திக்கொண்டே ஓடிவந்து, தன் வீட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக நரம்பிலிருந்து உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். துணியைக் காப்பாற்றத்தான் உருவினாள். ஆனால் ஒவ்வொன்றை உருவும்போதும் சந்திரபுஷ்பத்துக்கு ஒரு சுமை குறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐகோர்ட்துரை வாசலில் நின்று, "இது முறையில்லம்மா," என்றார். சுயம்புலிங்கம் சட்டை பட்டன் போடாமல் ஓடிவந்து, அவளுக்கு முன்னால் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். பிறகு பஸ் ஸ்டாப்வரை பின்னாலேயே வந்து, நரம்பில் சிக்கியிருந்த ஒயரையும் பல்புகளையும் கை கீற ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டான். "நானும் வாரேன்," என்றான். "வேண்டாம்," என்றாள் அவள். பஸ் வந்தது. கடைசி இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். நரம்புகள் ஜன்னல் வழியே வெளியே நீண்டன. கண்டக்டர் எட்டிப்பார்த்து, கண்ணாடியை மூடாமல் விட்டுவைத்தார்.

முப்பத்தோரு ஊசியும் போட்டுக்கொண்டாள்.

அந்த வருஷக் கொடை லைட்டில்லாமல் நடந்தது. பத்தாம் நாள் தெருவில் இரும்புக் கம்பம் நட்டுக் கேபிளை மாற்றிவிட்டார்கள். அதற்கு இரண்டே நாள்தான் பிடித்தது என்பதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிகள் மொட்டைமாடிக்குத் திரும்பின, பிசுபிசுப்பும் திரும்பியது. தெருவில் அவளோடு பேச்சு நின்றுபோனது. கொடையைக் கெடுத்தவள் என்று ஒரு சொல் கிளம்பி, தண்ணீர் வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் ஓரடி இடம் விட்டார்கள். சுயம்புலிங்கம் வீட்டில் குக்கர் வைக்கும்போது கதவைச் சாத்திவிட்டு வைத்தான். பீரோவின் மேலிருந்த படங்களை எங்கேயோ எடுத்துப்போட்டுவிட்டான், எங்கே என்று அவள் கேட்கவில்லை.

ஆவணி முழுக்க ஒன்றும் குறையவில்லை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன அந்தச் சிலரில் நானும் ஒருத்திதான்போல என்று நினைத்தாள். புரட்டாசியில் டீக்கடை டியூப்லைட்டைப் பிடித்திருந்த நரம்பு ஒரு காலையில் விட்டுவிட்டுத் தரையில் கிடந்தது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இரண்டு. பதினொன்று ஏழாகி, அங்கேயே நின்றது. இரண்டாவது தவணை ஊசி போட்டு ஐந்தாகி, அங்கேயும் நின்றது. மீதி ஐந்தும் விடுகிற மாதிரித் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை விழித்தபோது வீட்டில் எதையோ காணோம் என்று தோன்றியது. எழுந்து பாத்திரங்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் காணாமல்போனது வலி என்று தெரிந்தது. ஐந்து நரம்பும் நனைந்த நூல்போல் தரையில் தொய்ந்து கிடந்தன. அவள் அசைந்தால் போய்விடுமோ என்று கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு வாசலில் வந்து வெயிலில் நின்றாள்.

ராஜகனி அக்கா வாளியோடு வந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வந்தாள். வாளியில் பிழிந்த சேலை ஒன்று இருந்தது.

"மொகம் தெளிவா இருக்குட்டி இன்னைக்கு."

"ஆமாக்கா. வலி இல்ல."

"இல்லையா? நல்லது, நல்லது." ராஜகனி அக்கா தெருவை ஒருமுறை பார்த்தாள். "அப்போ இந்த ஒரே ஒரு சேலைய மட்டும் போட்டுக்கிடட்டா? பட்டு மாதிரி, வெயில்ல போட்டா வெளுத்துரும். வலி இல்லாத நாளுதான."

"வேண்டாம்க்கா."

"ஒண்ணுதான."

"கூடாதுக்கா."

ராஜகனி அக்கா வாளியைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று சந்திரபுஷ்பம் நினைத்தாள். அவள் போகவில்லை. தரையில் கிடந்த நரம்பைக் குனிந்து பார்த்தாள், தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்போல்லாம் ரொம்ப வலிச்சிதோ?"

"வலிச்சிதுக்கா."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"சொன்னேன்."

ராஜகனி அக்கா யோசித்தாள். டீக்கடையில் பாய்லர் சீறியது, ஒரு ஆட்டோ வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பிப் போனது, அவ்வளவு நேரம் யோசித்தாள்.

"ஆமா," என்றாள். "சொன்ன."

வாளியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் தன் வீட்டு மாடிப்படி ஏறினாள். மேலே ஈரச்சேலையை உதறுகிற சத்தம் படீரென்று கேட்டது. சந்திரபுஷ்பம் பொட்டில் கைவைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி, ஐந்து நரம்பையும் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள். வலி அன்று சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் வந்தது.